ஆறு மணித்தியாலம்

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க்குழுவினர் என்னைப் பணித்தபொழுது, சங்க இலக்கியத்திலிருந்து ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். தமிழாசிரியனிடத்து அன்பர்கள் எதிர்பார்ப்பதும் அதுவேயாகும். குறிப்புகளும் ஓரளவு எழுதி வைத்திருந்தேன். ஆனால், சென்ற தவணையில் ஒருநாள் வகுப்பறையிலே மாணவன் ஒருவன் கேட்ட வினா, அக்குறிப்புகளையெல்லாம் ஒருபுறம் ஒதுக்கி வைக்கச் செய்துவிட்டது. அவ்வினாவுக்கு அன்று யான் கூறிய விடை முழுமையானதன்று. அன்று கூறாது விட்டதனையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றேன். பழைய மாணவராகிய பெரியோரும், இன்று கற்கும் இளைஞரும், உடன் பணிபுரியும் ஆசிரிய நண்பரும் பொறுமையோடு படிப்பார்களாக.

அன்று வரலாற்றாசிரியர் விடுமுறையில் நின்றார். அவருடைய பாடவேளை ஒன்றிலே பதினோராந் தர வகுப்பைப் பார்த்துக்கொள்ளுமாறு அதிபர் என்னை அனுப்பினார். மாணாக்கர் முதலாம் உலக மகாயுத்தத்தைப் படித்துக்கொண்டிருந்தனர். வரலாறு யான் பயின்ற பாடமன்று. ஆயினும், அந்த யுத்தத்தின் கடைசி நாளைப் பற்றி ஒரு காலத்திலே தேடித் தேடிப் படித்தவன் யான். ஏன் அவ்வாறு படித்தேன் என்பதைப் பின்னர்க் கூறுவேன். கரும்பலகையிலே இரண்டு வரிகள் எழுதினேன். 1918ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆந் திகதி, காலை 5 மணி கடந்து போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று என்பது ஒன்று. அன்று காலை 11 மணிக்குப் போர் நின்றது என்பது மற்றொன்று.

பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். வகுப்பிலே வாய் திறந்து பேசும் வழக்கம் இல்லாதவன் அவன்.

“ஐயா, ஐந்து மணிக்குக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். பதினொரு மணிக்குத்தான் சண்டை நின்றது. இடையில் இருந்த ஆறு மணித்தியாலமும் என்ன செய்தார்கள்?” என்றான்.

வகுப்பிலே சிரிப்பொலி எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இரு, தம்பி, சொல்லுகின்றேன்” என்று அவனை இருத்திவிட்டுச் சிறிது நேரம் யன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த யுத்தம் ஏதோ வெள்ளையர் தமக்குள் நடத்திய சண்டை, நமக்கு அதனோடு யாது தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நம்முடைய பாட்டிமார் சூழ்ச்சியில் வல்லவனான ஒருவனை “அவன் பெரிய எம்டன்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஒரு ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகி, அங்கிருந்த எண்ணெய்த் தாங்கிகள் மீது குண்டு பொழிந்து தீ மூட்டிவிட்டு மறைந்தது. அந்த ஓரிரவின் அச்சம் ஒரு சொல்லாகி நம் மொழியிலே தங்கிவிட்டது. ஐரோப்பாவின் போர் நம் வீட்டு அடுப்படி வரை வந்து ஒரு சொல்லை வைத்துவிட்டுச் சென்றது என்று மாணாக்கருக்குக் கூறி, அப்போர் முடிந்த காலைப்பொழுதுக்கு அவர்களை அழைத்துச் சென்றேன்.

பாரிசு மாநகருக்கு வடக்கே கொம்பியேன் என்றொரு காடு உண்டு. 1918 நவம்பர் 8ஆந் திகதி காலை, ஜேர்மனியின் தூதுக்குழுவினர் மத்தியாஸ் ஏர்ஸ்பேர்கர் என்பாரின் தலைமையில் அக்காட்டிற்கு அழைத்து வரப்பட்டனர். அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஒரு புகைவண்டிப் பெட்டியிலே நேசப்படைகளின் தலைமைத் தளபதியாகிய மார்ஷல் போஷ் அவர்களை எதிர்கொண்டார். நிபந்தனைகள் வாசிக்கப்பட்டன. அவற்றை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு கூற 72 மணித்தியால அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த அவகாசத்துக்குள் வீணாக உயிர்கள் மாள வேண்டா, பேச்சு நடக்கும் நாள்களிலேனும் போரை நிறுத்தி வைப்போம் என்று ஜேர்மன் தூதர் வேண்டினர். போஷ் மறுத்துவிட்டார். உடன்படிக்கை கைச்சாத்தாகும் வரை ஒரு துப்பாக்கியும் ஓயாது என்பது அவருடைய முடிவு. பகைவன் இளைப்பாறிக்கொண்டு மீண்டும் எழக்கூடும் என்று அவர் அஞ்சினார். நான்காண்டுகள் தம் நாட்டு மண்ணிலே போர் நடக்கக் கண்ட ஒருவருக்கு அந்த அச்சம் தோன்றியதில் வியப்பில்லை.

மூன்று நாள்கள் அவ்வாறே கழிந்தன. 11ஆந் திகதி அதிகாலையில், பொழுது புலருமுன், அதே புகைவண்டிப் பெட்டியில் இருதிறத்தாரும் கைச்சாத்திட்டனர். ஆனால், போர் அக்கணமே நிற்கவில்லை. காலை 11 மணிக்கே நிற்க வேண்டும் என்று எழுதப்பட்டது. சுவிற்சர்லாந்தின் எல்லையிலிருந்து வடகடல் வரை நீண்டு கிடந்த போர்முனை எங்கும் செய்தி சென்று சேர வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். காரணம் பொய்யன்று. ஆயினும், செய்தி பல படைத்தலைவருக்குப் பொழுது விடிந்த சிறிது நேரத்துக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அவர்களிற் சிலர் தம் படைகளை இருந்த இடத்திலேயே இருக்கச் செய்தனர். சிலர் முன்னேறித் தாக்குமாறு கட்டளையிட்டனர். கையிலிருந்த ஆணை, 11 மணிக்கு நிறுத்துக என்று கூறியதேயன்றி, அதற்கு முன் என்ன செய்வது என்று கூறவில்லை. கூறாது விட்ட அந்த இடைவெளியை அவரவர் தத்தம் மனம்போல நிரப்பினர்.

அந்த ஒரு நாளிலே மாத்திரம், இருபுறத்தும் ஏறத்தாழ 2,700 பேர் மாண்டனர் என்றும், காயமுற்றோரையும் காணாமற் போனோரையும் சேர்த்தால் தொகை 11,000ஐ நெருங்கும் என்றும் வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். “தம்பி, நீ கேட்ட ஆறு மணித்தியாலத்தில் அவர்கள் செய்தது இதுதான்” என்றேன். அப்பொழுது வகுப்பிலே ஒருவரும் சிரிக்கவில்லை.

எண்கள் மனத்திலே நிற்பதில்லை. ஆகவே நான்கு மனிதரைப் பற்றிச் சொன்னேன்.

ஜோர்ஜ் எடுவின் எலிசன் என்பவர் இங்கிலாந்தின் லீட்சு நகரத்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். வயது நாற்பது. மனைவியும் ஒரு சிறு மகனும் வீட்டிலே காத்திருந்தனர். 1914இல் பெல்ஜியத்தின் மொன்ஸ் நகரிலே போர் தொடங்கிய நாள்களில் அவர் அங்கே நின்றவர். நான்காண்டுகள் எத்தனையோ களங்களைக் கண்டு உயிர் தப்பியவர், கடைசி நாள் காலை 9.30 மணியளவில், தாம் தொடங்கிய அதே மொன்ஸ் நகரின் எல்லையிலே சுடப்பட்டு இறந்தார். அவருடைய கல்லறை சென் சிம்போரியன் என்னும் இடத்திலே இருக்கின்றது. அதற்கு நேரெதிரே, சில அடி தூரத்தில், ஜோன் பார் என்னும் இளைஞனின் கல்லறை. 1914 ஓகஸ்ட் 21இல் வீழ்ந்த அவ்விளைஞனே அப்போரில் மாண்ட முதற் பிரித்தானிய வீரன் என்பர். முதல்வனையும் கடைசியானவரையும் எவரும் திட்டமிட்டு எதிரெதிரே வைக்கவில்லை. தற்செயலாக அமைந்தது. இருவருக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு புற்றரையைக் கடக்க நான்காண்டுகளும் இலட்சோப இலட்சம் உயிர்களும் செலவாயின.

இரண்டாமவர் ஓகுஸ்தென் திரெபுஷோன் என்னும் பிரெஞ்சு வீரர். அவருக்கும் வயது நாற்பது. மலைநாட்டிலே ஆடு மேய்த்தவர். யுத்தம் தொடங்கிய மாதத்திலேயே படையிற் சேர்ந்து, செய்தி கொண்டு செல்லும் பணியைச் செய்தவர். கடைசி நாளன்று, 11 மணிக்குச் சில நிமிடங்களே இருக்கையில், மியூசு ஆற்றங்கரையில் ஒரு செய்தியைக் கொண்டு சென்றபொழுது சுடப்பட்டு வீழ்ந்தார். அச்செய்தி யாதெனில், 11.30 மணிக்கு வீரர்களுக்கு உணவு வழங்கப்படும் என்பதே. அவருடைய கல்லறையில் நவம்பர் 10 என்றே திகதி பொறிக்கப்பட்டது. அன்று அவ்விடத்தில் வீழ்ந்த பிறருக்கும் அவ்வாறே. உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர் ஒருவன் மாண்டான் என்று எழுதுவதற்கு எழுதுவோரின் கை கூசியது போலும்.

மூன்றாமவர் கனடா நாட்டுப் படையைச் சேர்ந்த ஜோர்ஜ் லோரன்சு பிரைசு. வயது இருபத்தைந்து. 10.58 மணிக்கு, பெல்ஜியத்துச் சிற்றூர் ஒன்றிலே, மறைந்திருந்து சுட்ட ஒருவனின் குண்டுக்கு இரையானார். இன்னும் இரண்டு நிமிடம் என்க.

நான்காமவர் ஹென்றி கந்தர் என்னும் அமெரிக்கர். வயது இருபத்துமூன்று. பால்டிமோர் நகரிலே வங்கி எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய முன்னோர் ஜேர்மனியிலிருந்து குடியேறியவர்கள். போர்முனையின் அவலத்தை எழுதி, படையிற் சேராதே என்று நண்பன் ஒருவனுக்கு அவர் அனுப்பிய கடிதம் தணிக்கையாளர் கையிற் சிக்கியது. அதன் விளைவாக அவர் பதவி குறைக்கப்பட்டுச் சாதாரணப் போர்வீரராக்கப்பட்டார். இழந்த மதிப்பை மீட்டுவிட வேண்டும் என்ற வேகம் அவருக்குள் இருந்தது என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். 11 மணி நெருங்குகையில், எதிரே இயந்திரத் துப்பாக்கியோடு இருந்த ஜேர்மன் வீரரை நோக்கி அவர் தன்னந்தனியே துவக்கை நீட்டிக்கொண்டு ஓடினார். அவருடைய தோழர் நிற்குமாறு கூவினர். எதிரிலிருந்த ஜேர்மன் வீரரும், யுத்தம் முடியப்போகின்றது, திரும்பிப் போ என்று கையசைத்துக் கத்தினர். அவர் நிற்கவில்லை. மிக அணுகி வந்துவிட்டபொழுது அவர்கள் சுட்டார்கள். அப்பொழுது மணி 10.59. பின்னர் அவருடைய பதவி அவருக்கு மீட்டுக் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இவற்றைக் கேட்ட மாணாக்கர், படைத்தலைவர் ஏன் அவ்வாறு செய்தனர் என்று வினவினர். பேச்சு முறிந்துவிடலாம் என்று ஐயுற்றோர் உளர். கடைசி நிமிடத்திலேனும் ஒரு மேட்டையோ பாலத்தையோ கைப்பற்றிவிட வேண்டும் என்று விரும்பினோர் உளர். மீந்த குண்டுகளைச் சுமந்து திரும்புவதிலும் சுட்டுத் தீர்ப்பது எளிது என்று கருதிய பீரங்கிப் படையினரும் இருந்தனர். ஸ்தெனே என்னும் ஊரை அன்று காலையிலே தாக்கிப் பிடித்தார் ஓர் அமெரிக்கத் தளபதி. களைத்துப் போன தம் வீரருக்குக் குளிக்கும் வசதி அவ்வூரிலே உண்டு என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அதன்பொருட்டு ஏறத்தாழ 60 பேர் உயிரிழந்தனர். யுத்தம் முடிந்த பின்னர் அமெரிக்கச் சட்டசபை இவ்விடயத்தை ஆராய ஒரு குழுவை அமைத்தது. கடைசி நாளிலே வீணாக உயிர்களைப் பலியிட்டது யார் என்று வினவியது. மேலிடத்துக் கட்டளைப்படி நடந்தோம் என்பதே விடையாக வந்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

கடைசி நாள் மாத்திரமன்று, கடைசி வாரமும் அத்தகையதே. வில்பிரட் ஓவன் என்னும் ஆங்கிலக் கவிஞர், போரின் துயரத்தைப் பாடியவர், நவம்பர் 4ஆந் திகதி ஒரு கால்வாயைக் கடக்கும் முயற்சியிலே கொல்லப்பட்டார். வயது இருபத்தைந்து. அவருடைய மரணத்தை அறிவிக்கும் தந்தி, ஒரு கிழமைக்குப் பின், 11ஆந் திகதி அவருடைய பெற்றோரை அடைந்தது. அப்பொழுது போர் முடிந்தது என்று ஊரெங்கும் ஆலய மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தன. மணியோசை கேட்டு மகன் இனி வருவான் என்று மகிழ்ந்திருக்கக்கூடிய தாய் அவர்.

நிற்க. யான் தமிழாசிரியன். ஆகையால், என் மனம் அந்தக் காட்டிலிருந்தும் கால்வாய்க் கரையிலிருந்தும் புறநானூற்றுக்கு ஓடிற்று. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் சிறுவரைப் பிடித்து யானைக் காலிலே இடுவிக்க முற்பட்டான். ஆணை பிறந்தாயிற்று. யானையும் வந்தாயிற்று. குழந்தைகளும் அங்கே நிறுத்தப்பட்டாயிற்று. அந்நிலையிலே கோவூர்கிழார் என்னும் புலவர் இடைபுகுந்து பாடினார். குழந்தைகள் உயிர் தப்பினர். அப்புலவரிடம் படையில்லை, பதவியில்லை. ஆணை பிறந்துவிட்டதே, இனி யாது செய்வது என்று அவர் வாளாவிருக்கவில்லை. ஆணைக்கும் யானையின் அடிக்கும் இடையிலே இருந்த சிறு பொழுதினுள் ஒரு சொல்லை வைத்தார். அவ்வளவே.

1918 நவம்பர் 11இன் காலைப் பொழுது கோவூர்கிழார்க்குக் கிடைத்த பொழுதினும் மிக நெடியது. ஆறு மணித்தியாலம் இருந்தது. அக்காலையில் அவருக்கு ஒப்பானவர் எவர் என்று நினைந்து பார்த்தேன். தம் படையை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, 11 மணிக்காகக் காத்திராது அமைதி பேணிய படைத்தலைவர் சிலர் அவருக்கு ஒப்பாவர். தம்மைக் கொல்ல ஓடி வந்தவனை நோக்கி, போ, திரும்பிப் போ என்று கையசைத்த அந்த ஜேர்மன் வீரரும் ஒப்பாவர். முடிவிலே அவர்கள் சுட்டார்கள் என்பது உண்மை. எனினும், சுடுமுன் தடுத்தார்கள் என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவும் வகுப்பிலே கூறினேன். கூறி முடிக்கையில் இடைவேளை மணி அடித்தது. பின்வாங்கு மாணவன் மறுபடி எழுந்து, “ஐயா, அந்தச் செய்தியைக் கொண்டு போனவர்கள் இன்னும் விரைவாகவும் சரியாகவும் கொண்டு போயிருந்தால் சிலராவது தப்பியிருப்பார்கள்தானே?” என்றான்.

“தப்பியிருப்பார்கள், தம்பி” என்று மாத்திரம் சொல்லிவிட்டு வெளியேறினேன். அவனுக்கு யான் கூறாது விட்டது பின்வருவது.

2001ஆம் ஆண்டு மார்கழி மாதம். யான் ஆசிரிய கலாசாலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம். இக்கல்லூரியின் உயர்தர வகுப்பிலே என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன், தாயோடு எங்கள் அயலிலே குடியிருந்தான். அதற்கு முந்திய ஆண்டு போர் காரணமாகத் தம் ஊரை விட்டு இடம்பெயர்ந்து வந்தவர்கள் அவர்கள். தந்தை முன்னரே காலமாகிவிட்டார். விட்டு வந்த வளவிலே நின்ற இருபது தென்னைகளைப் பற்றி அவன் பேசாத நாளில்லை. தேங்காய்கள் விழுந்து முளைத்துப் போகும் என்று கவலைப்படுவான். எல்லைக்கோட்டுக்கு அண்மையான இடம் என்பதனால், தாய் அவனை அங்கே போக விடுவதில்லை.

அம்மாதம் 19ஆந் திகதி போர்நிறுத்த அறிவித்தல் வெளியாயிற்று. 24ஆந் திகதி நள்ளிரவு முதல் அது நடைமுறைக்கு வரும் என்பது செய்தி. மறுநாட் காலை நாளிதழை வாங்கிக்கொண்டு, மிதிவண்டியில் நண்பனின் வீட்டுக்கு விரைந்தேன். கண் குறைந்த அவனுடைய தாய் படலையடிக்கு வந்து, “என்ன தம்பி, பேப்பரிலை என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். தலைப்பைப் பார்த்த மகிழ்ச்சியிலே, “சண்டை நிண்டிட்டுது அம்மா” என்றேன். திகதியை வாசித்துக் காட்டினேனல்லேன். நிற்கும் என்று எழுதியிருந்ததை நின்றது என்று மொழிந்தேன்.

அடுத்த நாட் காலை நண்பன் சாக்குப் பையொன்றை மிதிவண்டியிலே கட்டிக்கொண்டு தன் ஊருக்குப் புறப்பட்டான். தாய் அன்று அவனைத் தடுக்கவில்லை. நண்பகலுக்குச் சற்றுமுன் அப்பகுதியிலே எறிகணைகள் வீழ்ந்தன. அவற்றுள் ஒன்று அவனுடைய தென்னந்தோப்பிலே வீழ்ந்தது. எத்திசையிலிருந்து எவர் எய்தனர் என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மூன்று நாள்கள் கழித்து, அறிவித்தபடியே, நள்ளிரவில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. பல்லாண்டுகளுக்குப் பின் குண்டோசையில்லாத விடியலை ஊர் கண்டது. தெருவெங்கும் சனங்கள் மகிழ்ந்து திரிந்தனர். அவனுடைய வீட்டு முற்றத்திலே சாவீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை.

செத்த வீட்டிலே அத்தாய் வந்தோர் எல்லோருக்கும் ஒன்றையே சொல்லி அழுதார். “சண்டை நிண்டிட்டுதெண்டு தம்பி வந்து சொன்னவன். அதாலைதான் நான் விட்டனான்.” அது என்னைக் குற்றஞ் சாட்டிய குரலன்று. தாம் ஏன் போக விட்டேன் என்பதற்கு ஊராரிடத்தும் தம்மிடத்தும் காரணம் சொல்லிக்கொண்ட குரல். இன்று வரை அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. ஆண்டுதோறும் அவனுடைய திவசத்துக்கு என்னை அழைத்து இலை போட்டு உணவிடுகின்றார். உணவிடும்பொழுது விரல் மடித்து, “மூண்டு நாள், தம்பி” என்பார். வேறொன்றும் சொல்லார்.

கொம்பியேன் காட்டுப் புகைவண்டிப் பெட்டியைப் பற்றியும், எலிசனைப் பற்றியும், உணவுச் செய்தி கொண்டு சென்று மாண்ட அந்த ஆட்டிடையரைப் பற்றியும் யான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரேயாம். செய்திக்கும் செயலுக்கும் இடைப்பட்ட பொழுதிலே மாண்டோர் வேறு எங்கேனும் உளரோ என்று தேடினேன். அவர்கள் தொகை பெரிது என்று கண்டேன். அதனால் ஆறுதல் பிறக்கவில்லை. ஆயினும், அவர்களுள் ஒருவனாக என் நண்பனை வைத்து நினைக்கக் கற்றுக்கொண்டேன்.

நம் இலக்கண நூலார் காலவழுவமைதி என்றொன்று வகுத்துள்ளனர். விரைவு பற்றியும் உறுதி பற்றியும் எதிர்காலத்தை இறந்தகாலமாகக் கூறினும் குற்றமில்லை என்பது அதன் கருத்து. உண்டு கொண்டிருப்பவன், வெளியே நின்று அழைப்பவனுக்கு, “வந்துவிட்டேன்” என்பதை அதற்கு உதாரணமாகக் காட்டுவோம். ஆண்டுதோறும் இதனை வகுப்பிலே கற்பிக்கின்றேன். கற்பிக்கும்பொழுதெல்லாம் அந்தப் படலையடி என் கண்முன் வந்து நிற்கும். இலக்கணத்திலே அமைதி பெறும் வழு வாழ்க்கையிலே அமைதி பெறுவதில்லை. நிற்கும் என்பதற்கும் நின்றது என்பதற்கும் இடையே இருப்பது ஓர் இடைநிலை மாத்திரமன்று. அவ்விடையிலே மனிதர் இருக்கின்றனர்.

இக்கல்லூரியின் பழைய மாணவருள் உயர்ந்த பதவி வகிப்போர் பலர். ஆணைகளில் ஒப்பமிடுவோரும், அவற்றுக்கு அமுலாகும் திகதி குறிப்போரும் உளர். மருத்துவரும், நீதித்துறையினரும், நிருவாகிகளும், செய்தித்தாள் நடத்துவோரும் உளர். அவர்களிடத்து ஓர் ஆசிரியனின் வேண்டுகோள் இது. தீமை ஒன்று நிறுத்தப்பட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களாயின், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு மணிக்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியவராவீர். எழுத்திலே இடப்பட்ட மணி 11 ஆக இருக்கலாம். அறிந்தவனுக்கு மணி அறிந்த அக்கணமே அடித்துவிட்டது. 1918இலே இதனை உணர்ந்த படைத்தலைவரின் கீழ் இருந்தோர் அன்று மாலை தம் வீட்டுக்குக் கடிதம் எழுதினர்.

மாணவராகிய உங்களுக்கும் ஒன்று கூறுவேன். நாளை நீங்களும் செய்தி கொண்டு செல்வோர் ஆவீர்கள். இன்றைய காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொலைபேசி இருக்கின்றது. நற்செய்தியைக் கண்டவுடன் தலைப்பை மாத்திரம் பிறருக்கு அனுப்பிவிட விரல் துடிக்கும். திகதியையும் சேர்த்து அனுப்புங்கள். முழுவதையும் வாசித்த பின் வாய் திறவுங்கள். மகிழ்ச்சியின்பாற் பிறந்த பிழையும் பிழையே.

பின்வாங்கிலிருந்து வினாவிய அம்மாணவனுக்கு யான் கடமைப்பட்டிருக்கின்றேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரிடத்தும் சொல்லாததை அவன் வினா சொல்லச் செய்தது. வினாவ அஞ்சாத மாணாக்கரை வளர்த்து வரும் நம் கல்லூரி இன்னும் பல விழாக் காணுமாறு இறைவன் திருவருளை வேண்டுகின்றேன்.

இம்மலர் வெளிவந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குச் செல்வேன். அவருக்கு இப்பொழுது வாசிக்கக் கண் தெரிவதில்லை. “என்ன தம்பி, என்ன போட்டிருக்கு?” என்று அன்று போலவே கேட்பார். இம்முறை தலைப்பை மாத்திரமன்றி, முதலிலிருந்து முடிவு வரை, திகதிகளோடு சேர்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுவேன்.